ஒற்றையா, சோடியா? கொழும்புத் தொடர்மாடிக்கு ஒரு லவ் பேர்ட் வருமுன்

"சித்தி, ஒண்டு வாங்கிறதா, சோடியா வாங்கிறதா?"

அக்காவின் மகள் வெள்ளவத்தையிலிருந்து போன் எடுத்துக் கேட்டாள். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தொடர்மாடி, அதில் ஐந்தாம் மாடி. அவளும் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார்கள். மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன். தோளில் ஏறி இருக்கிற ஒரு கிளி வேண்டுமென்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு கடையில் "தனிய வளர்த்தால் செத்துப்போகும், சோடியாத்தான் எடுக்கவேணும்" என்றார்களாம். அடுத்த கடையில் "சோடி எடுத்தால் கைக்கு வராது, ஒண்டே நல்லம்" என்றார்களாம். வீட்டில் யார் எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்று இரண்டு கடையிலும் ஒருவரும் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

தெகிவளையில் என் வீட்டில் பதினொரு வருடமாக ஒற்றை லவ் பேர்ட் ஒன்று இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் என் தம்பி வீட்டில் சோடிகள் வளர்கின்றன. இரண்டையும் கிட்ட இருந்து பார்த்தவள் என்பதால் அவளுக்குப் போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். கொழும்புக் கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவது பட்ஜியைத்தான். பச்சை, நீலம், மஞ்சளில் நீள வாலோடு இருக்கும் அந்தச் சின்னக் கிளியின் சொந்த ஊர் அவுஸ்திரேலியா. உண்மையான லவ் பேர்டை இங்கே "ஆபிரிக்கன் லவ் பேர்ட்ஸ்" என்பார்கள். கட்டை வால், தடித்த சொண்டு, உருண்டை உடம்பு. அகபோர்னிஸ் என்பது அதன் அறிவியற் பேரினப் பெயர். கிரேக்க மொழியில் அகபே என்றால் அன்பு, ஓர்னிஸ் என்றால் பறவை. மொத்தம் ஒன்பது இனங்கள், அவற்றில் ஒன்று மடகஸ்காரில், மற்றவை ஆபிரிக்கப் பெருநிலத்தில். நம் கடைகளுக்கு வருவது அதிகமும் இரண்டு வகை. பீச் நிற முகம் கொண்டது நமீபியா பக்கத்து வறண்ட நிலத்துக் கிளி. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள ஃபிஷர் தன்சானியாவின் வடபகுதியைச் சேர்ந்தது. 40 முதல் 60 கிராம்தான் எடை. நன்றாகப் பார்த்தால் 10 முதல் 15 வருடம் இருக்கும். அந்த 15 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பட்ஜியா, லவ் பேர்டா என்பது சின்னக் கேள்வி, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டுக்குப் பட்ஜிதான் நல்லது. அதன் கடி மெல்லியது, சத்தம் கீச்சுக்கீச்சென்று இருக்கும், சிலது இரண்டொரு வார்த்தை கதைக்கவும் பழகும். லவ் பேர்ட் கதைப்பது மிக அபூர்வம். கோபம் வந்தால் விரலில் இரத்தம் வரக் கடிக்கும். இரண்டையும் ஒரே கூட்டில் போடவே கூடாது. லவ் பேர்ட் பட்ஜியின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். "பெரிய கூடுதானே, எல்லாம் சேர்ந்து இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அக்காவின் மகளின் கேள்விக்கு வருகிறேன்.

ஒற்றைக் கிளி

தனிய இருந்தால் ஏங்கிச் செத்துப்போகும் என்ற நம்பிக்கை நமக்கு ஒன்றும் புதிதல்ல. சங்கப் பாடல்களிலேயே அன்றில் வருகிறது. துணையைப் பிரிந்தால் உயிர் தரிக்காத பறவை அது. பெயரிலேயே காதலை வைத்திருக்கும் ஒரு பறவையைக் கண்டதும் அந்த அன்றிலின் கதையை இதன்மேல் ஏற்றிவிட்டோம் போலிருக்கிறது. உண்மையில் ஒற்றை லவ் பேர்ட் ஏக்கத்தில் செத்துப்போவதில்லை. ஆனால் அதற்கு ஒரு கூட்டம் வேண்டும். காட்டில் கூட்டமாக வாழ்கிற சாதி இது. வேறு கிளி இல்லாவிட்டால் வீட்டு மனிதரையே கூட்டமாக எடுத்துக்கொள்ளும்.

என் கிளி அப்படி எடுத்துக்கொண்டது என்னை. நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்த காலத்தில் வந்தது. காலையில் தேத்தண்ணீர் போடும்போது கழுத்துக்குள் நுழைந்து இருக்கும். பேப்பர் வாசித்தால் ஓரத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, அந்தக் கீற்றுகளை முதுகுக் கடைசி இறகுக்குள் செருகும். பீச் முகக் கிளியின் வழக்கம் அது, கூடு கட்டும் பொருளை இறகில் செருகித்தான் கொண்டுபோகும். நான் வெளியில் போய் வந்தால் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டே கூப்பிடும். இந்தச் சந்தோஷத்துக்கு ஈடு சோடிக் கிளியில் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

அதற்கு நான் கொடுத்த விலை நேரம். ஒரு நாளில் மூன்று நான்கு மணித்தியாலமாவது கூட்டுக்கு வெளியே என்னோடு இருக்கும். மற்ற நேரமும் கண்ணில் படுகிற இடத்தில் நான் இருப்பேன். இரண்டு நாள் யாழ்ப்பாணம் போகவேண்டுமென்றாலும் முதலில் யோசிப்பது இதைப் பற்றித்தான்.

நேரம் இல்லாத வீட்டில் ஒற்றைக் கிளி என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் போட்டபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு குஞ்சு வந்தது. தாய் தகப்பன் பிள்ளைகள் எல்லாரும் இருபத்துநாலு மணித்தியாலமும் வீட்டில். மாறி மாறித் தூக்கினார்கள். அந்தக் கிளி தரையில் கால் வைத்ததே இல்லை எனலாம். பிறகு ஒபிஸ் திறந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு கிழமைக்குள் அதன் கூட்டம் முழுவதும் காணாமற் போனது. முதலில் நாள் முழுக்கக் கத்தியது. அடுத்து நெஞ்சு இறகைத் தானே பிடுங்கத் தொடங்கியது. நான் போய்ப் பார்த்தபோது நெஞ்சில் ரோஸ் நிறத் தோல் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் பாவம், அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. வீட்டு நேர அட்டவணை மாறப்போகிறது என்பதை வாங்கும்போது ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒற்றையாக எடுப்பதென்றால் இன்னும் இரண்டு விஷயம். "நீங்களே ஊசியால் தீத்தி வளர்த்தால்தான் ஒட்டும்" என்று சொல்லி, கண் திறந்து இறகு முளைக்காத குஞ்சைக் கையில் தருவார்கள். வாங்காதீர்கள். தீத்துகிற கூழ் கொஞ்சம் சூடு கூடினால் இரைப்பை வெந்துபோகும், கொஞ்சம் வேகமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். தானாக விதை உடைத்துத் தின்னும் குஞ்சு, ஏறத்தாழ எட்டு வாரம் ஆனது, நன்றாகவே ஒட்டும். பீச் முகக் குஞ்சுக்கு அந்த வயதில் மேற்சொண்டின் அடியில் கறுப்பு இருக்கும், வளர வளர மறையும். வயதை மதிப்பிட அது ஒரு அடையாளம். மற்றது, தடவும்போது தலையையும் கன்னத்தையும் மட்டும் தடவுங்கள். முதுகைத் தடவினால் இணை சேர அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். பெட்டை என்றால் சேவல் இல்லாமலே முட்டை இடும். திரும்பத் திரும்ப முட்டையிட்டு உடம்பிலுள்ள கல்சியம் எல்லாம் கரைந்துபோகும்.

சோடி

தம்பி வீட்டுச் சோடியைப் பார்த்தால் வேறு உலகம். ஒன்றின் தலையை ஒன்று கோதும், ஒட்டி இருந்து தூங்கும், ஒன்று குளித்தால் மற்றதும் குளிக்கும். தம்பி வேலைக்குப் போய் இரவு வந்தாலும் அவற்றுக்கு நாள் வெறுமையாகப் போவதில்லை. பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கிற ஒரு கொழும்பு வீட்டில் ஒரு பறவைக்கு இதைவிடப் பெரிய நன்மை செய்ய முடியாது. பதிலுக்கு அவை தம்பியை அவ்வளவாகக் கணக்கெடுப்பதில்லை. கையிலிருந்து தினை தின்னும், தோளில் இரண்டு நிமிடம் இருக்கும், பிறகு துணையிடம் பறந்துவிடும். சோடி கைக்கு வரவே வராது என்பது சரியல்ல. பொறுமையோடு இருந்தால் வரும், ஆனால் உங்களில் உயிரை வைக்காது.

சோடியின் உண்மையான சிக்கல் வேறு இடத்தில். எது ஆண், எது பெண் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பீச் முகத்திலும் ஃபிஷரிலும் இரண்டும் ஒரே நிறம். இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள், அது அடிக்கடி பிழைக்கும். இறகையோ இரத்தத்தையோ எடுத்து மரபணுச் சோதனை செய்தால்தான் நிச்சயம். தம்பிக்கு முதலில் "ஆணும் பெண்ணும்" என்று விற்றவை இரண்டும் பெட்டை. இரண்டும் ஒரே முட்டிக்குள் முட்டை இட்டன, ஒன்பதோ பத்தோ, ஒன்றும் பொரிக்கவில்லை. அதோடு சண்டையும் தொடங்கியது. ஒன்றின் கால்விரலில் நகமே போய்விட்டது. இரண்டு சேவல் பெரும்பாலும் சமாதானமாக இருக்கும், இரண்டு பெட்டையில்தான் ஆபத்து அதிகம்.

ஆணும் பெண்ணுமாகச் சரியாக அமைந்தால் குஞ்சு வரும். நான்கு முதல் ஆறு முட்டை, ஏறத்தாழ 23 நாள் அடை, பொரித்து ஆறு வாரத்தில் குஞ்சு வெளியே வரும். ஒரு வருடத்தில் அந்த எட்டுப் பத்துக் கிளிகளை எங்கே வைப்பீர்கள்? இனம் பெருக்க விருப்பம் இல்லை என்றால் மண்முட்டியோ பெட்டியோ கூட்டுக்குள் வைக்காதீர்கள், கிழிக்கிற கடதாசியையும் குறையுங்கள். அப்படியும் முட்டை இட்டால் உடனே எடுத்து எறியாதீர்கள், எடுத்தால் இன்னும் இடும். தம்பி இப்போது முட்டையை அவித்து, ஆறவைத்து, அதே இடத்தில் திருப்பி வைத்துவிடுகிறார். மூன்று கிழமை அடைகாத்துவிட்டுத் தானாக விட்டுவிடுகிறது. பீச் முகத்தையும் கண்வளையக் கிளியையும் சோடி சேர்க்கவேண்டாம். அந்தக் குஞ்சுகள் மலடாகப் பிறக்கும்.

முட்டை வராமல் உள்ளே தங்கிப்போவதுதான் எனக்குப் பெரிய பயம். பெட்டை இறகைப் பொம்மென்று ஊதிக்கொண்டு கூட்டின் தரையில் குந்தியிருந்தால், வாலை மேலும் கீழும் ஆட்டி முக்கினால், அடுத்த நாள்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சூடான இடத்தில் வைத்து உடனே டொக்டரிடம் கொண்டுபோங்கள். கொழும்பில் நாய் பூனை பார்க்கும் எல்லாரும் பறவை பார்ப்பதில்லை. கிளி வாங்கும் முன்பே நாலு இடத்துக்குப் போன் எடுத்து, "லவ் பேர்ட் பார்ப்பீங்களா?" என்று கேட்டு நம்பரைக் குசினிக் கதவில் ஒட்டிவையுங்கள். ஒற்றைக்கும் சோடிக்கும் இது பொது.

தொடர்மாடியில் சத்தத்தையும் எண்ணவேண்டும். விடியற்காலை ஆறு மணிக்கும் பொழுதுபடும் நேரத்திலும் லவ் பேர்ட் கிறீச்சிடும். சோடி என்றால் ஒன்று மற்றதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கத்தும், ஆனால் பத்து இருபது நிமிடத்தில் ஓய்ந்துவிடும். துணையில்லாமல் தவிக்கிற ஒற்றை, மணிக்கணக்காகக் கத்தும். சோடிதான் சத்தம் கூட என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்.

முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று

நடுவழி ஒன்றும் உண்டு. முதலில் ஒன்றை எடுத்துக் கைக்குப் பழக்கி, ஆறேழு மாதம் கழித்து இரண்டாவதை எடுப்பது. நேரம் இப்போது இருக்கிறது, அடுத்த வருடம் இருக்காது என்று தெரிந்தவர்களுக்கு இதுதான் பொருத்தம். அந்த ஊரடங்குக் குடும்பத்துக்கும் கடைசியில் இதைத்தான் சொன்னேன். இரண்டாவது வந்தபின் இறகு பிடுங்குவது மெல்ல மெல்லக் குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை.

இதில் அவசரம் கூடாது. புதிதாக வருவதை முதல் 30 நாளாவது வேறு அறையில் வையுங்கள். சொண்டையும் இறகையும் அழிக்கும் வைரஸ் நோய் லவ் பேர்ட்களில் பரவலாக உண்டு, வெளியில் தெரியாமலே கிளி அதைக் காவும். கிளிக்காய்ச்சல் என்ற இன்னொன்று மனிதருக்கும் தொற்றி நெஞ்சைப் பிடிக்கும். அதனால்தான் எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாமல், ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்கிறேன். தனிமைக்காலம் முடிந்ததும் இரண்டு கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிறகு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் சந்திக்கவிடுங்கள். பழைய கிளியின் கூட்டுக்குள் புதியதை நேரே விட்டால் அது தன் வீட்டைக் காக்கப் பாயும். சிலது கடைசிவரை ஒத்துப்போகாது, அப்போது இரண்டு கூடு என்றென்றைக்கும் வேண்டும். அதற்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள்.

பல்கனியா, ஹோலா?

ஒற்றையோ சோடியோ, கூட்டை எங்கே வைப்பது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. வீட்டுக்குள்தான். கொழும்புக் காகம் பல்கனிக் கம்பிக்கு வெளியே நின்று கூட்டுக்குள் இருக்கும் கிளியைக் கொத்தி இழுக்கும், நான் பார்த்திருக்கிறேன். இரவில் எலி வரும். பறவை அம்மையை நுளம்பு பரப்பும். வெள்ளவத்தையில் கடற்காற்று, மழைக்காலத்தில் சாரல். காலையில் ஒரு மணித்தியாலம் இளவெயில் காட்ட பல்கனிக்குக் கொண்டுபோகலாம், ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

வீட்டுக்குள் வைத்தால் புகையைக் கவனியுங்கள். நுளம்புச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி, ஸ்பிரே எதுவும் கூடு இருக்கும் அறையில் கூடாது. டெங்குக்குப் புகை அடிக்க வந்தால் கிளியோடு வீட்டை விட்டே போய்விடுங்கள். ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி அடுப்பில் காய்ந்து கருகினால் எழும்பும் ஆவி நமக்கு மணமே தெரியாது, கிளி சில நிமிடத்தில் செத்துவிழும். என் வீட்டில் கிளி வந்த அன்றே அந்தத் தாச்சிகளை எடுத்துவிட்டேன். வெளியே விடும்போது ஃபானை நிறுத்தி, வாளியை மூடி, ஜன்னலையும் பாருங்கள். ஃபானில் அடிபட்டுச் செத்த கிளிகளின் கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு.

கூடு உயரத்தைவிட அகலம் கூடியதாக, நீள்சதுரமாக இருக்கட்டும், வட்டக் கூடு வேண்டாம். சோடிக்கு 80 சென்ரிமீற்றர் அகலம் என்றால் நல்லது, ஒற்றைக்கு 60 வரை இறங்கலாம். கம்பிகளுக்கு இடையில் ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, தலை மாட்டும். மலிவான நாகப்பூச்சுக் கம்பியில் பூச்சு உரிந்தால் அதைக் கடித்து நஞ்சேறும். உள்ளே ஒரே அளவுப் பிளாஸ்ரிக் தடிக்குப் பதில் கொய்யாக் கிளைகளை வெட்டிக் கழுவி வையுங்கள். மொத்தமும் மெல்லிசுமாக இருந்தால் கால் நோகாது, பட்டையை உரிப்பதிலேயே அரைநாள் போகும்.

சாப்பாட்டில் சூரியகாந்தி விதை மிட்டாய் மாதிரி, எண்ணிக் கொடுங்கள். தினை, சாமை, குரக்கன், முளைகட்டிய பயறு, முருங்கை இலை, கரட், சோளன் எல்லாம் தினமும் மாற்றி மாற்றி. கணவாய் ஓட்டை மீன் சந்தையில் கேட்டால் தருவார்கள். இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, உப்புப் போக வெயிலில் காயவிட்டுக் கூட்டில் செருகுங்கள், கல்சியத்துக்கு அது போதும். பட்டர் ஃப்ரூட் என்கிற அவகாடோ, சொக்லட், கோப்பி, வெங்காயம் கொஞ்சமும் ஆகாது. கொழும்பு ஈரத்தில் விதை சுலபமாகப் பூசணம் பிடிக்கும். அதைத் தின்ற கிளிக்கு மூச்சுக்குழாய் பழுதாகும், ஆகவே கொஞ்சமாக வாங்கிப் போத்தலில் மூடி வையுங்கள். இரவு ஏழு மணிக்கு மேல் கூட்டை மெல்லிய துணியால் மூடி, பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் தூங்கவிடுங்கள். ரீவி ஓடும் ஹோலில் நடுராத்திரிவரை விழித்திருக்கும் கிளி சிடுமூஞ்சியாகும், முட்டையும் கூட இடும். கிழமைக்கு ஒருமுறை குசினித் தராசில் நிறுங்கள். 50 கிராம் கிளி 45க்கு இறங்கினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் ஏதோ வருத்தம் இருக்கிறது. கிளி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும்.

அக்காவின் மகளுக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜில் தொங்கும் கலண்டரில் இரண்டு கிழமைக்கு எழுதச் சொன்னேன். கிளி முழித்திருக்கும் நேரத்தில் யாராவது வீட்டில் வேறு வேலை இல்லாமல் எத்தனை மணித்தியாலம் இருந்தார்கள் என்று. வார நாளில் ஒன்றரைக்கு மேல் ஒருநாளும் வரவில்லை. ஞாயிறு மட்டும் ஐந்து. "அப்ப சோடிதான் சித்தி" என்றாள் அவளே.

பிறகு அந்த 15 வருடத்தைக் கேட்டேன். இப்போது ஒன்பது வயதான பெடியன் அப்போது இருபத்துநாலு. கனடாவுக்கோ லண்டனுக்கோ போயிருப்பான், நம் வீடுகளில் வேறு என்ன நடக்கிறது. அப்போது கிளிகளை யார் பார்ப்பது? அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கணவரோடு கதைத்துவிட்டு அடுத்த நாள் எடுத்து, "நாங்கள் இரண்டு பேரும் பார்ப்பம், அவன்ர கிளி எண்டு வாங்கேல்லை, எங்கட வீட்டுக் கிளி எண்டுதான் வாங்கிறம்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

போன சனிக்கிழமை கூடு மட்டும் வந்திருக்கிறது. கிளி இன்னும் இல்லை. ஒரு கிழமை வெறுங்கூட்டை ஹோல் மூலையில் வைத்து, எந்த நேரம் வெயில் சுடுகிறது, குசினிப் புகை அந்தப் பக்கம் திரும்புகிறதா, காகம் ஜன்னலில் வந்து எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். பெடியன் ஒரு கொப்பியில் நேரம் போட்டு எழுதுகிறானாம். நேற்று எங்கள் வளவுக் கொய்யாவில் இரண்டு கிளை வெட்டி அனுப்பினேன். கழுவிக் காயவைத்து, ஒன்றை உயரத்திலும் மற்றதைக் கொஞ்சம் பதிவாகவும் அவனே கட்டியிருக்கிறான்.